எண்ணிக்கையா, அடையாளமா? நீலகிரிக் காட்டு யானைகளை ஆய்வதற்கான வழிகள்

2025 அக்டோபரில் இந்தியக் காட்டு யானைகளைப் பற்றிய புதிய மதிப்பீடு வெளியானபோது, 2017-இல் 29,964 என்று சொல்லப்பட்டிருந்த எண்ணின் இடத்தில் 22,446 என்ற எண் வந்து நின்றது. ஏழாயிரம் யானைகளுக்கு மேல் குறைந்துவிட்டனவோ என்ற அச்சம் உடனே எழுந்தது. அறிக்கையோ, முந்தைய எண்ணையும் இந்த எண்ணையும் ஒப்பிடக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருந்தது. முன்னது நேரில் பார்த்தும் சாணத்தை எண்ணியும் பெற்ற கணக்கு, பின்னது சாணத்திலிருந்து பிரித்தெடுத்த மரபணுவைக் கொண்டு பெற்ற கணக்கு. அளவுகோல் மாறினால் அளவும் மாறும் என்பதில் வியப்பில்லை. நாடு தழுவிய இரண்டு பெரும் முயற்சிகளுக்குப் பிறகும், நம் யானைகள் பெருகுகின்றனவா குறைகின்றனவா என்ற எளிய கேள்விக்கு அவற்றிலிருந்து விடை பெற முடியவில்லை என்பதுதான் ஓர் ஆய்வு முறையைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர் கவனிக்க வேண்டியது.

இக்கட்டுரை அந்தத் தேர்வைப் பற்றியது. முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் ஆகிய காடுகள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் நீலகிரி நிலப்பரப்பில், ஒரு வனக்கோட்டமோ சிறிய ஆய்வுக் குழுவோ யானைகளைத் தொடர்ந்து ஆராயத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரடிக் கணக்கெடுப்பு, சாணக் கணக்கெடுப்பு, சாணத்து மரபணு, யானையின் கழுத்தில் கட்டி இருப்பிடத்தை அறியும் ரேடியோ காலர், ஒவ்வொரு யானையையும் காதும் வாலும் கொம்பும் கொண்டு தனித்தனியாக அடையாளம் காணுதல் என்று ஐந்து வழிகள் அதன்முன் உள்ளன. இவற்றுள் கடைசி வழியே என் சாய்வு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எல்லோருக்கும் எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று என்பதையும், அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாத சூழல்கள் எவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நேரடிக் கணக்கெடுப்பு தமிழ்நாடு, கேரள, கர்நாடக வனத்துறையினருக்கு நன்கு பழகியது. மே மாதத்தில் மூன்று மாநிலங்களும் ஒரே நாள்களில் நடத்துகின்றன. முதல் நாள் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து நடந்து எண்ணுகிறார்கள், அடுத்த நாள் நேர்கோட்டுப் பாதைகளில் சாணக் குவியல்களை எண்ணுகிறார்கள், மூன்றாம் நாள் நீர்நிலைகளில் காத்திருந்து வருகிற யானைகளின் வயதையும் பாலினத்தையும் குறிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2023-இல் 2,961 என்றும் 2024-இல் 3,063 என்றும் எண் வந்தது. இந்த முறையின் பலம், ஒவ்வொரு சரகத்தின் பணியாளரும் தம் காட்டை முழுவதும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுகிறார் என்பது. நடக்கிற பகுதியிலுள்ள எல்லா யானைகளும் கண்ணில் பட்டுவிடும் என்ற எடுகோளே இதன் பலவீனம். உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மேல் மண்டிக் கிடக்கும் முதுமலைச் சரிவுகளில் இருபதடி தொலைவில் நிற்கும் யானையையே காண முடியாது என்பது அங்கு நடந்தவர்களுக்குத் தெரியும். மேலும், ஓராண்டு 2,961, மறு ஆண்டு 3,063 என்றால் நூற்றிரண்டு யானைகள் கூடின என்று பொருளா, நூற்றிரண்டு யானைகள் கூடுதலாகக் கண்ணில் பட்டன என்று பொருளா என்பதை அந்த எண் சொல்லாது.

சாணக் கணக்கெடுப்பு கண்ணுக்குத் தெரியாத யானையையும் கணக்கில் கொண்டுவருகிறது. ஓரிடத்தில் கிடக்கும் சாணக் குவியல்களின் அடர்த்தியை, ஒரு யானை நாளொன்றுக்கு எத்தனை முறை சாணமிடும், ஒரு குவியல் எத்தனை நாள் அழியாமல் கிடக்கும் என்ற இரண்டு எண்களின் பெருக்குத்தொகையால் வகுத்தால் யானைகளின் அடர்த்தி கிடைக்கும். முதலாவது எண்ணுக்கு, முதுமலையில் கண்டறிந்த 16.33 என்ற அளவை இந்தியாவின் பல காடுகளில் இன்றும் பயன்படுத்துகிறார்கள். இரண்டாவது எண்தான் தொல்லை தருவது. மழை, வெயில், சாணவண்டு, யானை அன்று தின்றது மூங்கிலா புல்லா என்பது எல்லாம் குவியலின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. எடுத்துக்காட்டாக, குவியல் நூறு நாள் கிடக்கும் என்று கொண்டு கணக்கிட்ட காட்டில் உண்மையில் அது நூற்றிருபத்தைந்து நாள் கிடந்திருந்தால், நம் கணக்கில் நூற்றுக்கு இருபத்தைந்து யானைகள் கற்பனையாகக் கூடிவிடும். அந்தந்தக் காட்டில் அந்தந்தப் பருவத்தில் குவியல்களைக் குறித்து வைத்துக் கண்காணித்தால் பிழை குறையும். அந்த வேலையைச் செய்யாமல் வேறு காட்டின் எண்ணைக் கடன்வாங்கிய கணக்குகளை நான் அதிகம் நம்புவதில்லை.

மரபணு முறை இவ்விரண்டையும் விடப் பெரிதும் மேம்பட்டது. குடலின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த செல்கள் சாண உருண்டையின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். புதிய சாணத்திலிருந்து அதைச் சுரண்டி எடுத்து, ஆய்வகத்தில் யானைக்கு யானை வேறுபடும் சில மரபணுக் குறியிடங்களைப் படித்தால், அது எந்த யானையின் சாணம் என்பதைப் பிற யானைகளிலிருந்து பிரித்தறியலாம். 2025-இல் வெளியான இந்திய மதிப்பீட்டில் 21,056 சாண மாதிரிகளிலிருந்து, 11 குறியிடங்களைக் கொண்டு, 4,065 தனித்தனி யானைகளை அடையாளம் கண்டார்கள். அந்த அடிப்படையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் 11,934 யானைகள் என்று மதிப்பிட்டார்கள். லாவோஸின் நக்காய் பீடபூமியில், பகலில் யானையைக் காண்பதே அரிதான காட்டில், இந்த முறையால் சுமார் 130 யானைகள் என்று குறுகிய பிழை எல்லைக்குள் மதிப்பிட முடிந்தது. யானையின் அருகே போக வேண்டியதில்லை, இரவில் மட்டும் வரும் யானையும் தப்பாது, பாலினம் தெரிகிறது, யார் யாருக்கு உறவு என்பதும் ஓரளவு தெரிகிறது. தென்னிந்திய யானைகளில் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள நீலகிரி யானைகளும் தெற்கே உள்ள ஆனைமலை, பெரியாறு யானைகளும் மரபளவில் வேறுபட்டவை என்பதை வித்யா, சுகுமார் ஆகிய ஆய்வாளர்களின் குழு 2005-இல் காட்டியது சாணத்து மரபணுவைக் கொண்டுதான்.

இதுவும் தனித்தனியாக அடையாளம் காணும் முறைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குப் பதில் ஆய்வகம் அடையாளம் காண்கிறது, அவ்வளவே. ஆகவே உண்மையான ஒப்பீடு எண்ணுகிற முறைகளுக்கும் அடையாளம் காணும் முறைகளுக்கும் இடையில் தொடங்கி, அடையாளம் காணும் இரண்டு முறைகளுக்கு இடையில் முடிகிறது.

மரபணு எதைச் சொல்லாது? வயதைச் சொல்லாது, உருண்டையின் சுற்றளவைக் கொண்டு கன்றா, இளையதா, வளர்ந்ததா என்று மட்டும் ஊகிக்கலாம். அந்த யானை யாருடன் நடந்தது, யாரைத் துரத்தியது, கன்று ஈன்றதா, கன்று பிழைத்ததா, எந்த மாதத்தில் மதம் கொண்டது, உடல் மெலிந்திருந்ததா என்பவற்றைச் சொல்லாது. ஓரிரவு ஒரு யானை ஒரு தடத்தில் கடந்து சென்றது என்ற தகவலை மிகத் துல்லியமாகச் சொல்லும். வெப்பத்திலும் மழையிலும் மாதிரி கெட்டுவிடும் என்பதும், குறியிடத்தைப் படிப்பதில் நேரும் சிறு தவறு ஒரே யானையை இரண்டாக்கிவிடும் என்பதும், ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வகச் செலவு உண்டு என்பதும் இதன் பிற குறைகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு நிலப்பரப்பின் தொகையை அறிய இதைவிடச் சிறந்த வழி இன்று இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. மாதந்தோறும் செய்வதற்கு உரிய வேலை இது அன்று.

ரேடியோ காலரைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அது விடை சொல்லும் கேள்வியே வேறு. யானை எங்கே போகிறது என்பதே அந்தக் கேள்வி. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர்கள் முதுமலைப் பகுதியில் காலர் அணிவித்துத் தொடர்ந்தபோதுதான், உறவுள்ள குடும்பங்கள் சேர்ந்த ஒரு யானைக் குலம் ஐந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் உலவுகிறது என்பது தெளிவானது. வலசைப் பாதைகளைக் காக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அது வலுவான சான்றாயிற்று. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடித்து டாப்சிலிப் பக்கம் விடப்பட்ட சின்னத்தம்பி என்ற யானை மீண்டும் ஊர்ப்பக்கம் நடந்ததையும், 2023-இல் சின்னக்கானலிலிருந்து பெரியாறுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அரிக்கொம்பன் கம்பத்துக்குள் இறங்கியதையும் பின்தொடர முடிந்தது காலரால்தான். ஆயினும் ஒரு காலர் ஒரு யானையைப் பற்றியே பேசுகிறது. மயக்க ஊசி போட வேண்டும், ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும், மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஒரு தொகையின் பிறப்பு இறப்பைப் பத்துக் காலர்களைக் கொண்டு அறிந்துவிடலாம் என்று நினைப்பவர் தவறான கருவியை வாங்குகிறார்.

இனி, கண்ணால் அடையாளம் காணும் முறை. 1960-களில் தான்சானியாவின் மான்யாரா ஏரிக் காட்டில் இயன் டக்ளஸ்-ஹாமில்டன் யானைகளின் காது, கொம்புகளைப் படமெடுத்து ஒவ்வொன்றையும் பிரித்தறிந்ததும், 1972-இல் கென்யாவின் ஆம்பொசெலியில் சிந்தியா மாஸ் தொடங்கிய பணி இன்றளவும் நடந்துவருவதும் இந்த முறையின் அடித்தளம். ஆப்பிரிக்கச் சவன்னா யானைக்குப் பெரிய காது உண்டு, பெண் யானையான பிடி, ஆண் யானையான களிறு இரண்டுக்கும் கொம்பு உண்டு, நிலமோ திறந்த வெளி. மூன்றும் ஆய்வாளருக்குச் சாதகம். நம் யானைக்குக் காது சிறியது, பிடிகளுக்கு வெளித்தெரியும் கொம்பு கிடையாது, சிலவற்றுக்கு மட்டும் வாயோரத்தில் சற்றே நீளும் சிறு தந்தம் உண்டு, காடோ அடர்ந்தது. இங்கே இது நடக்காது என்று சொல்வோருக்கு இவையே காரணங்கள்.

அது நடக்கும் என்பதை இரண்டு இடங்கள் காட்டியுள்ளன. இலங்கையின் உடவளவை தேசியப் பூங்காவில் ஷெர்மின் டி சில்வாவின் குழு 286 வளர்ந்த பிடிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு அவற்றின் உறவுகளைத் தொடர்ந்தது. கர்நாடகத்தில் நாகரஹொளேக்கும் பந்திப்பூருக்கும் நடுவே கபினி நீர்த்தேக்கம் கோடையில் வற்றும்போது, சுற்றிலும் புல்வெளி வெளிப்படுகிறது. காட்டுக்குள் மறைந்து வாழும் யானைகள் அங்கே பகலில் வந்து மேய்கின்றன. பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயராய்வு மையத்தைச் சேர்ந்த டி. என். சி. வித்யாவின் குழு 2009 முதல் அங்கே யானைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவருகிறது. அணை கட்டியதால் மூழ்கிய காடு, ஆண்டில் சில மாதங்கள் யானை ஆய்வுக்கு இப்படியொரு அரங்கம் ஆனது யாரும் திட்டமிடாத பயன்.

எதைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள்? காதின் விளிம்பில் உள்ள கிழிசல், துளை, வெட்டு முதலில் வரும். காதின் மேல் விளிம்பு முன்புறம் மடிந்திருக்கிறதா பின்புறமா, எவ்வளவு மடிந்திருக்கிறது, கீழ் நுனி கூரியதா மழுங்கியதா, காதிலும் முகத்திலும் துதிக்கையிலும் நிறமிழந்த இளஞ்சிவப்புத் திட்டுகள் எப்படிப் பரவியுள்ளன என்பவை அடுத்து வரும். வாலின் நீளம், அதில் உள்ள முறிவு, நுனி மயிர் இருபுறமும் உண்டா ஒருபுறம் உதிர்ந்துவிட்டதா என்பவற்றைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. காதில் கிழிசலே இல்லாத யானைகளில் பெரும்பாலும் வால்தான் கைகொடுக்கும். கொம்பன்களில் கொம்பின் பருமன், வளைவு, இரண்டும் விரிந்து செல்கின்றனவா நெருங்கி வருகின்றனவா, எது நீளம், எது முறிந்தது என்பவை சேரும். முதுகின் வளைவு, ஆறிய காயத் தழும்பு, கட்டி ஆகியவற்றை உறுதிப்படுத்தும் சான்றாக மட்டும் கொள்வது நல்லது. ஒரு யானைக்கு இடக்காது, வலக்காது, முன்முகம், பக்கவாட்டு, வால் என்று ஐந்து படங்களும், பார்த்த நாளும் இடமும் உடனிருந்த யானைகளும் இருந்தால்தான் பதிவு முழுமை பெறும். தானியங்கி கேமராவில் இரவில் விழும் படம் பெரும்பாலும் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும் என்பதால், அதை மட்டும் நம்பிப் பதிவேட்டைத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புலியின் வரி பிறந்தது முதல் இறக்கும்வரை மாறுவதில்லை. யானையின் அடையாளங்கள் மாறும். காதில் புதிய கிழிசல் விழும், பழைய சிறு துளை விளிம்புவரை பிய்ந்து வெட்டாகும், கொம்பு முறியும், வயதேற ஏற மடிப்புக் கூடும். ஆகவே ஒருமுறை படமெடுத்து ஆறாண்டு கழித்து வந்து பார்த்தால் பல யானைகள் புதியவையாகவே தோன்றும். இடைவெளியில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே இந்த மாற்றம் தெரியும். இதில் தவறினால் என்ன ஆகும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் சொல்லலாம். முதற்பருவத்தில் அறுபது யானைகளை அடையாளம் காண்கிறோம். மறுபருவத்தில் பார்த்த ஐம்பதில் முப்பது ஏற்கெனவே அறிந்தவை. பார்த்தவற்றுள் அறிந்தவை எந்த விகிதமோ அதே விகிதம் மொத்தத்திலும் இருக்கும் என்று கொண்டு, அறுபதை ஐம்பதால் பெருக்கி முப்பதால் வகுத்தால் மொத்தம் நூறு யானைகள் என்று வரும். அந்த முப்பதில் ஐந்தை நாம் அடையாளம் காணத் தவறியிருந்தால், வகுக்கும் எண் இருபத்தைந்தாகி விடை நூற்றிருபதாகும். ஐந்து தவறுகளுக்கு இருபது இல்லாத யானைகள். இரண்டு வெவ்வேறு யானைகளை ஒன்றென்று கொண்டால் பிழை எதிர்ப்பக்கம் சாயும். ஒரே படத்தை இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் பொருத்திப் பார்ப்பதும், அவ்வப்போது அறிந்த யானையின் படத்தையே பெயர் மறைத்துக் கொடுத்துச் சோதிப்பதும் அன்றாட ஒழுங்காக இருக்க வேண்டும். காது விளிம்பை ஒப்பிட்டு நெருக்கமானவற்றைப் பொறுக்கித் தரும் கணினி நிரல்கள் தேடலைச் சுருக்கும். தீர்ப்பு மனிதக் கண்ணிடமே இருக்கட்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெறுவது என்ன? உடவளவையில் ஒரு பருவத்தில் பார்த்தால் பிடிகளின் கூட்டங்கள் நாளுக்கு நாள் கலைந்து சேர்வது போலவே தோன்றும். ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு பிடியையும் பின்தொடர்ந்தபோது, பிரிந்தவை மீண்டும் பழைய துணைகளையே தேடி வருவது தெரிந்தது. கபினி, உடவளவை, கென்யாவின் சம்புரு மூன்றையும் ஒப்பிட்ட வித்யாவின் குழு, கண்ணுக்குத் தெரியும் கூட்டத்தின் அளவு இடத்துக்கு இடம் வேறுபட்டாலும் அதனடியில் உள்ள குல அமைப்பில் ஒற்றுமை இருக்கிறது என்று 2018-இல் காட்டியது. ஆம்பொசெலியில், வயது முதிர்ந்த தலைவியை உடைய குடும்பங்கள் அறிமுகமில்லாத யானைகளின் குரலைச் சிறப்பாகப் பிரித்தறிகின்றன என்று 2001-இல் கேரன் மெக்கோம்பும் உடனாய்வாளர்களும் கண்டது, அந்தத் தலைவிகளின் வயது பல ஆண்டுப் பதிவால் தெரிந்திருந்ததனால். பிடிகள் இருபது வயதுக்குள் ஏறக்குறைய முழு உயரத்தை எட்டிவிடுவதால், அதற்குமேல் முப்பதா ஐம்பதா என்று உயரத்தைக் கொண்டு சொல்வது கடினம். பிறந்த ஆண்டு தெரிந்த யானைக்கே உண்மையான வயது உண்டு.

அடர்ந்த காடு தடையாகாதா என்று கேட்போருக்கு மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் ட்சாங்கா ஒரு பதில். மழைக்காட்டின் நடுவே உப்புமண் நிறைந்த ஒரு திறந்த வெளி அது. ஆண்ட்ரியா டர்க்காலோ 1990 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் அங்கே அமர்ந்து, காட்டிலிருந்து வெளிவரும் யானைகளைப் பதிவு செய்தார். காட்டு வகை ஆப்பிரிக்கப் பிடிகள் இருபது வயதைக் கடந்த பின்னரே சராசரியாக முதற்கன்று ஈனுகின்றன என்பதும், வேட்டையால் இழந்த தொகையை மீட்க அவற்றுக்குச் சவன்னா யானைகளைவிட நெடுங்காலம் ஆகும் என்பதும் அந்தப் பதிவிலிருந்து கிடைத்தன. காடு அடர்ந்ததாயினும் யானைகள் தாமாக வெளிவரும் ஓரிடம் இருந்தால் இந்த முறை இயலும். கபினி அப்படிப்பட்ட இடம். முதுமலையை அடுத்த சீகூர்ப் பீடபூமியின் முட்புதர்க்காடும் வறட்சிக் காலத்தில் மாயாற்றங்கரையும் ஓரளவுக்கு அப்படிப்பட்டவை. கூடலூர்ப் பக்கத்து ஈரக்காடுகளில் அப்படியோர் இடத்தைத் தேடி ஓராண்டைச் செலவிடுவதைவிட, அங்கே நேரே மரபணு முறைக்குப் போவது மேல்.

காலமே இந்த முறையின் பெரிய விலை. யானையின் கருக்காலம் ஏறக்குறைய 22 மாதம். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும். மூன்றாண்டு நிதியில் நடக்கும் ஆய்வு ஒரு பிடியின் ஒரு பிரசவத்தைப் பார்த்தாலே பெரிது. முனைவர் பட்டத்துக்கு வரும் மாணவர் யானைகளைக் கண்டவுடன் பெயர் சொல்லும் நிலைக்கு வரும்போது அவருடைய காலம் பாதி முடிந்திருக்கும். அவர் போனால் அந்தக் கண்ணும் போய்விடும். பணத்தைவிட இதுதான் தட்டுப்பாடு. அதனால்தான் இந்த வேலையின் முதுகெலும்பாக உள்ளூரில் நிலைத்து வாழ்பவர்களை, குறிப்பாக வேட்டைத் தடுப்புக் காவலர்களாகப் பணிபுரியும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்தினரை, முதல் நாளிலிருந்தே பதிவேட்டின் பங்காளிகளாக ஆக்க வேண்டும் என்று கருதுகிறேன். அவர்களுள் பலர் தம் சரகத்து யானைகளை ஏற்கெனவே தனித்தனியாக அறிவார்கள். மசினகுடியில் துதிக்கை நுனி அறுந்த ரிவால்டோ என்ற யானையை அடையாளம் காட்ட ஊராருக்கு எந்த ஆய்வாளரும் தேவைப்படவில்லை. அந்த அறிவை நாளும் இடமும் படமும் கொண்ட பதிவாக மாற்றும் வேலைதான் மீதி.

பத்தாண்டு உறுதி இல்லாத குழுவுக்கு நடுவழி ஒன்று உண்டு. களிறுகளிலிருந்து தொடங்கலாம். கொம்பின் வடிவம் ஒவ்வொன்றுக்கும் தனித்தன்மை உடையது என்பதால் பிடிகளைவிடக் களிறுகளை விரைவில் பிரித்தறியலாம். கொம்பில்லாத களிறுகளான மக்னாக்கள் மட்டும் காதையும் வாலையும் நம்ப வைக்கும். நாகரஹொளே, பந்திப்பூர்க் காடுகளில் வருண் கோஸ்வாமி, மதுசூதன், உல்லாஸ் கரந்த் ஆகியோர் படங்களைக் கொண்டே வளர்ந்த களிறுகளின் தொகையையும் பிழைப்பு விகிதத்தையும் மதிப்பிடலாம் என்று 2007-இல் காட்டினார்கள். தென்னிந்தியாவில் 248 களிறுகளை 1,445 படப் பதிவுகளின் வழியே தொடர்ந்த ஸ்ரீநிவாசய்யா, சுகுமார், சின்ஹா உள்ளிட்டோர், விளைநிலம் சூழ்ந்த பகுதிகளில் களிறுகள் தமக்குள் நீடித்த கூட்டங்களை அமைத்துக்கொள்கின்றன என்று 2019-இல் கண்டார்கள். பொதுவாகத் தனியே திரியும் என்று நாம் நினைக்கும் இளங்களிறுகள் அங்கே மூத்தவற்றோடு சேர்ந்து நடக்கின்றன. வெறும் எண்ணிக்கையால் இது தெரியவே தெரியாது. மூன்று களிறுகள் சேர்ந்து நின்றன என்று மூன்று முறை எழுதியிருப்போம், அவை அதே மூன்று என்பதை அறிந்திருக்க மாட்டோம்.

களிறுகளை முதலில் எடுப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. கொம்புக்காகக் கொல்லப்பட்டவை களிறுகளே. பெரியாற்றில் 1980-களில் ஒரு வளர்ந்த களிற்றுக்கு நூறு பிடிகள் என்ற நிலை வந்தது அதனால்தான். அறிந்த கொம்பன் ஒன்று தொடர்ந்து இரண்டு பருவங்கள் தென்படாவிட்டால் கேள்வி எழுப்ப ஒருவர் இருப்பார். எண்ணிக்கையில் ஒன்று குறைவது யார் கண்ணிலும் படாது. பயிரையும் வீட்டையும் தாக்குவதாகப் புகார் வருவதும் பெரும்பாலும் களிறுகளின் மேல்தான். எந்த யானை அதைச் செய்தது என்று உறுதியாகத் தெரியாமல் பிடிக்கப் போனால் வேறொரு யானை முகாமுக்குப் போய்ச்சேரும், தொல்லையும் தொடரும். இத்தகைய முடிவுகளில் படப் பதிவேடு நேரடியாகப் பயன்படும் அளவுக்கு வேறெந்த முறையும் பயன்படாது. ஆனால் களிறுகளை மட்டும் அறிந்தால் பிறப்பு விகிதம் தெரியாது என்பதால் இதை ஒரு தொடக்கமாகவே கொள்ள வேண்டும்.

அப்படியானால் தேர்வு இவ்வாறு அமையும். நிலப்பரப்பில் மொத்தம் எத்தனை என்பது மட்டுமே கேள்வியானால், அடையாளப் பதிவேட்டில் இறங்க வேண்டாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மரபணு மதிப்பீடு போதும், ஒவ்வொரு முறையும் அதே முறையில் அதே பருவத்தில் நடந்தால் மட்டும். ஒரு வலசைப் பாதை அடைபடுகிறதா என்பது கேள்வியானால் சில காலர்கள். பிறப்பு, இறப்பு, கன்றுகளின் பிழைப்பு, வறட்சியின் விளைவு, குலங்களின் உறவு ஆகியவை கேள்வியானால் கண்வழி அடையாளத்துக்கு மாற்று இல்லை. அதற்குத் திறந்த இடமும் பத்தாண்டு உறுதியும் குறைந்தது இரண்டு நிலையான கண்களும் தேவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் களிறுகளோடு நிற்பது நேர்மை. ஆண்டுதோறும் நடக்கும் நேரடிக் கணக்கெடுப்பைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்றாம் நாள், நீர்நிலையில் காத்திருக்கும் பணியாளரிடம் ஒரு நல்ல கேமராவும் ஐந்து கோணப் படிவமும் கொடுத்தால், ஏற்கெனவே செலவாகும் உழைப்பிலிருந்தே பதிவேட்டுக்கு ஆயிரக்கணக்கான படங்கள் கிடைக்கும்.

நீலகிரியில் இதைத் தொடங்குவோர் முதலில் தீர்க்க வேண்டியது, பதிவேடு யாரிடம் இருக்கும் என்பது. பந்தலூர் மக்னா என்று அறியப்பட்ட பி.எம்.2 யானை 2022 டிசம்பரில் தமிழ்நாட்டில் பிடிபட்டு, காலர் அணிவித்து முதுமலையில் விடப்பட்ட பின், அடுத்த மாதமே கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகருக்குள் நடந்தது. காலர் இருந்ததால் இரு மாநிலத்தாருக்கும் அது அதே யானை என்று தெரிந்தது. காலர் இல்லாத நூற்றுக்கணக்கான யானைகள் இதே எல்லைகளை ஒவ்வோர் ஆண்டும் கடக்கின்றன. முதுமலையில் ஒரு பெயர், பந்திப்பூரில் ஓர் எண், வயநாட்டின் முத்தங்காவில் வேறொரு பெயர் என்று மூன்று தனிப் பதிவேடுகள் உருவானால், ஒரே கொம்பன் மூன்று கொம்பன்களாக எண்ணப்படும். மூன்று மாநில வனத்துறைகளும் ஆய்வுக் குழுவும் பயன்படுத்தும் ஒரே பொதுப் பதிவேடு, ஒரே படிவம், ஒரே பெயரிடும் முறை என்பவற்றையும், படங்களை யார் பார்க்கலாம், கொம்பன்களின் இருப்பிடத்தை வேட்டைக்காரர் அறியாதபடி எப்படி மறைப்பது என்பவற்றையும், முதல் படம் எடுப்பதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.